நீல வயரின் ராசி

உலகத்தில் மற்றவர்கள் எல்லாம் உயரத்தைப் பார்த்துத்தான் பொறாமைப்படுகிறார்கள். எதிர்வீட்டுக்காரர் இன்னொரு மாடி எழுப்பிவிட்டார், கூடப் படித்தவன் பதவியில் ஏறிவிட்டான் என்று வயிறு எரிகிறார்கள். டெசிபலுக்கு மட்டும் ஆழத்தைப் பார்த்து வயிறு எரிந்தது. அவருடைய குழி பதினெட்டு. அவருடைய சகலையின் குழி முப்பத்திரண்டு.

குழி என்றால் மண்ணில் தோண்டுவதல்ல, அளவுக் கருவியின் திரையில் தெரிவது. ஆன்டெனாவை ஒரு வயரில் மாட்டிக் கருவியோடு இணைத்தால் திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக ஓடும். கொடுக்கிற அலையைத் திருப்பி அனுப்பாமல் ஆன்டெனா எந்த இடத்தில் வாங்கிக்கொள்கிறதோ, அங்கே கோடு பள்ளமாக இறங்கும். பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லது. அந்த ஆழத்தை டெசிபலில் சொல்வார்கள். வாயைத் திறந்தால் மூன்றாவது வார்த்தையாக அது வந்துவிடும் என்பதால் அலுவலகம் அவருக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டது. அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

அவர் செய்வது ஸ்லாட் ஆன்டெனா. மற்ற ஆன்டெனாக்கள் கம்பியாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இது அப்படியல்ல. ஓர் உலோகத் தகட்டில் சரியான நீளத்துக்கு ஒரு கீறல் வெட்டினால் அந்தக் கீறலே பேசும். தகடு சும்மா சுற்றி நிற்கும். பார்வையாளர்கள் யாராவது வந்தால் டெசிபல் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, இல்லாத இடத்திலிருந்துதான் எல்லாம் புறப்படுகிறது என்று ஆரம்பிப்பார். முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். தபால் துறையில் ஓய்வு பெற்ற அவருடைய மாமனார் இதே விஷயத்தை அக்கம்பக்கத்தாருக்கு இரண்டே வரியில் சொல்லிவிட்டார்.

"பெரிய மாப்பிள்ளை தகட்டுல ஓட்டை போடுறார். சின்ன மாப்பிள்ளை அதையே இன்னும் சின்னதா போடுறார்."

முதல் வரியை டெசிபல் பொறுத்துக்கொண்டார். இரண்டாவது வரிதான் தைத்தது.

கீறல் பேச வேண்டுமானால் அதற்கு ஒரு நீளம் வேண்டும். அவர்கள் வேலை செய்த அலைவரிசைக்கு ஆறு சென்டிமீட்டர். அவ்வளவு இடம் இல்லை என்றால் கீறலை மடித்து மடித்து வெட்டிச் சின்ன இடத்தில் அடக்க வேண்டும். டெசிபல் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு அதை நான்காக மடித்துத் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்தார். அதற்கு ஒரு கேடயம் கிடைத்தது. கேடயம் வரவேற்பறைச் சுவரில், தீயணைப்புக் கருவிக்கும் நாட்காட்டிக்கும் நடுவில் தொங்கியது. காலையில் உள்ளே வரும்போது அதில் தூசி இருக்கிறதா என்று பார்ப்பார். தூசி இருந்தால் துடைப்பார், இல்லாவிட்டாலும் துடைப்பார்.

சகலை அதையே பதினோரு மடிப்பாக, குடலைச் சுருட்டி வைத்ததுபோல வெட்டி, கட்டைவிரல் நகத்தளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். கொண்டுவந்ததோடு நிற்காமல் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாமனார் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கும் வந்தார். தட்டுகள் வைப்பதற்கு முன்னால் அது மேசையைச் சுற்றி வந்தது. மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தார். இவ்வளவு குட்டியா, இது பேசுமா என்று கேட்டார். பேசும் அத்தை என்று சகலை அடக்கமாகச் சொன்னார். அந்த அடக்கத்தை டெசிபலால் தாங்க முடியவில்லை. திமிராகச் சொல்லியிருந்தால் திட்டவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

இதில் மிகப் பெரிய வேதனை, சகலையை அந்த நிறுவனத்தில் சேர்த்துவிட்டதே டெசிபல்தான் என்பது. எட்டு மாதத்துக்கு முன்பு மச்சினி வீட்டுக்காரர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று மனைவி தினமும் காதில் போட்டுக்கொண்டே இருந்தாள். அவரும் மேனேஜரிடம் போய், பையன் கெட்டிக்காரன், நான் சொல்லிக்கொடுத்து ஆளாக்கிவிடுகிறேன் என்று பெரிய மனது பண்ணினார். பெரிய மனது பண்ணினால் அதைப் பார்க்கச் சாட்சிக்கு ஆள் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதனால்தான் சகலை வந்த முதல் வாரத்திலேயே, மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போது, தன் மேசை இழுப்பறையைத் திறந்து உள்ளேயிருந்த நீல வயரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"நம்ம வயரையே வச்சுக்குங்க சகலை. கேடயம் வாங்கின வயர். ராசியானது."

அளவறையில் கறுப்பு வயர் ஒன்றும் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்பு நிறுவனம் வாங்கியது. அதன் மேல் கறுப்பு மணிகள் நெருக்கமாகக் கோத்திருக்கும். கனமாக இருக்கிறது, கைக்கு அடங்கவில்லை என்று டெசிபல் அதை ஒதுக்கி வைத்திருந்தார். அவர் ஒதுக்கியதை எடுக்கிற துணிச்சல் யாருக்கும் இல்லை.

வெள்ளிக்கிழமை முடிவு நாள். அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் இருக்கும் தண்ணீர் மீட்டர்களுக்குப் பக்கத்தில் மாட்டுகிற இரும்புப் பெட்டி ஒன்றை நிறுவனம் தயாரித்துக்கொண்டிருந்தது. பெட்டி மீட்டரைப் படித்து அலையில் அனுப்பும். ஆள் இறங்கிப் போய்க் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. பெட்டி மூடியில் ஒரு சன்னல் வெட்டி ஆன்டெனாத் தகட்டை அதில் பதிக்க வேண்டும். யாருடைய தகடு என்பதுதான் கேள்வி. ஐம்பதாயிரம் பெட்டிகள். ஐம்பதாயிரம் கீழ்த்தளங்களிலும் சகலையின் குடல் உட்கார்ந்து பேசப்போகிறது என்று நினைத்தபோது டெசிபலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனைக்கும் அந்தக் கீழ்த்தளங்களில் அதைப் பார்க்க எலியைத் தவிர யாரும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அவர் அளவறைக்குள் போனார். சகலையின் தகடு ஒரு பஞ்சுப் பெட்டியில், நகைபோல, படுத்திருந்தது. முப்பத்திரண்டு என்பது நம்பும்படியான எண்ணாக இல்லை. எங்கேயோ கோளாறு இருக்கிறது, இருந்தே ஆக வேண்டும் என்று அவர் உள்மனம் சொன்னது. உள்மனத்துக்கு அதற்குமேல் விளக்கம் சொல்லத் தெரியவில்லை.

நீல வயரில் மாட்டினார். முப்பத்திரண்டு. பெருமூச்சு விட்டுக்கொண்டே வயரைப் பிடித்தார். திரையில் குழி நகர்ந்தது. கையை எடுத்தார், குழி பழைய இடத்துக்கு வந்தது. வயரில் கையை மேலும் கீழுமாக ஓட்டினார். குழி ஒரு இடத்தில் பதினைந்தானது, இன்னொரு இடத்தில் பத்தானது, இன்னொரு இடத்தில் காணாமலே போனது.

டெசிபலுக்குப் புரிந்துவிட்டது. தகடு மிகச் சின்னது. அதில் நிற்க இடமில்லாத மின்னோட்டம் வயரின் மேல்தோலில் வழிந்து ஓடுகிறது. பேசுவது தகடு அல்ல, வயர். கையால் பிடித்தால் அதன் குரல் அடைபடுகிறது. பெட்டிக்குள் வயர் ஏது? ஐம்பதாயிரம் பெட்டியிலும் இந்தக் குடல் வாயடைத்துக் கிடக்கும். உறுதிசெய்துகொள்ள, ஒதுக்கி வைத்த கறுப்பு வயரை எடுத்தார். அதில் கோத்திருந்த மணிகள் இப்படி வழிவதைத் தடுப்பதற்காகவே கோத்தவை. மாட்டினார். ஏழு.

அந்த மூடிய அறையில் அவர் தனியாக நின்று சிரித்தார். பல மாதங்களாக வராத பசி வந்தது.

சாப்பிடப் போயிருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும். வெற்றியை இன்னும் கொஞ்சம் ருசிக்கலாம் என்று தன்னுடைய தகட்டையும் எடுத்துக் கறுப்பு வயரில் மாட்டினார். இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துவைக்கலாம் என்பது திட்டம்.

எட்டு.

இணைப்பைத் திருகிப் பார்த்தார். எட்டு. கருவியை அணைத்துப் போட்டார். எட்டு. நீல வயரில் மாட்டினார். பதினெட்டு, கேடயத்தில் பொறித்திருந்த அதே பதினெட்டு. வயரைக் கையால் பிடித்தார். பதினோரு ஆண்டு கையைவிட்டு நழுவுவது திரையில் தெரிந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நிலையிலும் மனத்தின் ஒரு மூலை, ஏழைவிட எட்டு ஒன்று அதிகம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

புதனும் வியாழனும் இன்னொரு கணக்கில் போயின. வாயை மூடிக்கொண்டால் முப்பத்திரண்டு ஜெயித்துவிடும்; ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாமியார் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். வாயைத் திறந்தால் வயர் மாட்டிக்கொள்ளும். வயர் மாட்டினால் கேடயம் மாட்டும். மின்சாரம் போன வீட்டில் டார்ச் தேடுகிறவரைப்போல அவர் வீட்டுக்குள் அறை அறையாக நடந்தார். மனைவிக்கு ஓரளவு புரிந்தது. தங்கை வீட்டுக்காரர் ஜெயித்தால் குடும்பத்துக்குத்தானே பெருமை என்றாள். அவர் அடுத்த அறைக்கு நடந்தார்.

"ஒரு வார்த்தை நல்லாருக்குன்னு சொன்னா வாயில இருக்கிற முத்து கொட்டிடுமா உங்களுக்கு?"

முத்து கொட்டாது, ஆனால் வேறொன்று கொட்டிவிடும் என்று அவர் மனத்துக்குள் சொல்லிக்கொண்டார். கடைசியில் ஒரு வழி தோன்றியது. வயர் சமீபத்தில்தான் பழுதாகியிருக்கிறது, தன் காலத்தில் நன்றாக இருந்தது என்று சொல்லிவிடலாம். பழியை வயர் ஏற்றுக்கொள்ளும். அதற்கு வாயா இருக்கிறது? வாய் இருந்ததுதான் பிரச்சினையே என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அளவறையில் நான்கு பேர் இருந்தார்கள். மேனேஜர், டெசிபல், சகலை, பிறகு பெட்டி செய்கிற பட்டறையின் ஃபிட்டரம்மா. ஃபிட்டரம்மாவுக்கு ஆன்டெனாவோடு ஒரு சம்பந்தமும் கிடையாது. யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள் தகட்டின் அளவுக்குச் சன்னல் வெட்ட வேண்டும் என்பதற்காக ஸ்கேலும் ஒரு மாதிரிப் பெட்டியுமாக வந்து மூலையில் நின்றுகொண்டிருந்தாள்.

சகலை தகட்டை மாட்டினார். முப்பத்திரண்டு. மேனேஜர் தலையை ஆட்டினார். டெசிபல் எழுந்தார். எழும்போது சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சகலையின் உழைப்பைப் பாராட்டி நான்கு வாக்கியம் பேசினார்; ஒவ்வொரு வாக்கியத்திலும் 'ஆனால்' இருந்தது. பிறகு வயரைக் கொஞ்சம் கையால் பிடித்துப் பார்க்கச் சொன்னார். மேனேஜரே பிடித்தார். குழி காணாமல் போனது. மேனேஜர் கையை எடுத்தார், பிடித்தார், எடுத்தார். பொம்மை கிடைத்ததுபோல இருந்தது அவருக்கு.

டெசிபல் சகலையின் முகத்தைப் பார்த்தார். மூன்று நாள் பட்டினிக்கு அந்த முகத்தில்தான் விருந்து என்று காத்திருந்தார். முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

"எனக்கு ஒரு மாசமா தெரியும் அண்ணே," என்றார் சகலை மெதுவாக. "உங்க வயர்தானே அது. சொன்னா சுவத்துல இருக்கிற கேடயத்தைக் கழட்ட வேண்டியிருக்கும். எதுக்கு வம்புன்னு பேசாம இருந்துட்டேன்."

அது இரக்கமா, முப்பத்திரண்டைக் காப்பாற்றிக்கொள்கிற சாமர்த்தியமா என்று யாராலும் சொல்ல முடியாது; சகலைக்கே தெரிந்திருக்காது. டெசிபலுக்கு இரண்டில் இரக்கம்தான் அதிகமாகச் சுட்டது. வயர் சமீபத்தில்தான் பழுதானது என்ற வாக்கியத்தைத் தேடினார். அதைக் கண்டுபிடிப்பதற்குள் மேனேஜர் குறுக்கிட்டுவிட்டார்.

மேனேஜர் படித்த மனிதர் இல்லை என்று இருவரும் தனித்தனியாக நினைத்துவந்தார்கள். அவர் கேட்டது ஒரே கேள்வி. பெட்டிக்குள் வயர் இருக்குமா? இருக்காது. அப்படியானால் வயர் இல்லாமலே பார்க்கலாமே. பேட்டரியில் ஓடுகிற ஒரு சின்ன அனுப்பும் பலகையில் தகட்டை நேராக மாட்டச் சொல்லி, ரிசீவரைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். சிக்னல் கிடைக்கிறவரை ரிசீவர் கூவும். அவர் நடந்தார். டெசிபலின் தகட்டுக்குப் பன்னிரண்டு அடி எடுத்துவைத்ததும் கூவல் நின்றது. சகலையின் தகட்டுக்கு ஒன்பது. இரண்டாவது முறை மேனேஜர் அடியை அகலமாக வைத்தார் என்று சகலை முணுமுணுத்தார். அடி அதேதான் என்றார் டெசிபல். இந்தத் தகராறு கொஞ்ச நேரம் நடந்தது. கதவைத் தாண்டாத இரண்டு ஆன்டெனாக்களில் எது சிறந்தது என்பதைப் பற்றி இரண்டு படித்தவர்கள் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்ததில், ஃபிட்டரம்மா பலகையை எடுத்துவைக்க ஆரம்பித்ததை யாரும் கவனிக்கவில்லை.

அவள் கொண்டுவந்திருந்தது இன்னும் சன்னல் வெட்டாத பெட்டி. உள்ளே மூன்று விளக்குகள் வரிசையாக எரியும். மூடினால் தெரியாது என்பதற்காக மூடியில் நீளமாக ஒரு கீறல் மட்டும் வெட்டியிருந்தாள். தகட்டைக் கழற்றிவிட்டுப் பலகையை மட்டும் பெட்டிக்குள் வைத்தாள். தகடு மாட்டுகிற குட்டைக் கம்பியின் நுனி பலகையிலிருந்து துருத்திக்கொண்டிருந்தது. அதை மூடியின் உள்பக்கம், கீறலுக்குக் குறுக்கே, டேப் போட்டு ஒட்டி மூடியைத் திருகினாள். பேட்டரியை நிறுத்த வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மேனேஜர் இந்தச் சண்டை ஓயட்டும் என்று ரிசீவரோடு கழிவறைக்குப் போனார். அது தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. அங்கே ரிசீவர் கூவியது. அணைத்துப் போட்டார், கூவியது. வெளியே வந்து மாடிப்படியில் இறங்கினார், கூவியது. கீழ்த்தளத்தில், வண்டிகள் நிறுத்துமிடத்தின் கடைசித் தூணுக்குப் பின்னால் போய் நின்றார். அங்கேயும் கூவியது. திரும்ப மேலே வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"இப்ப யாரோடதுய்யா ஓடுது?"

யாருடையதும் ஓடவில்லை. மேசையில் இரண்டு தகடுகளும் சும்மா கிடந்தன. எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். சகலை ஃபிட்டரம்மாவின் ஸ்கேலை வாங்கி மூடியில் வைத்து அளந்தார். ஆறு சென்டிமீட்டர். நேராக, ஒரு மடிப்பும் இல்லாமல், ஆறு சென்டிமீட்டர். பெட்டி என்னவோ பத்து சென்டிமீட்டர் நீளம். பதினோரு ஆண்டுக்கு முன்பு வேறு ஏதோ பெட்டிக்காக டெசிபல் எழுதிய 'இடப் பற்றாக்குறை' என்ற சொல் அதற்குப் பிறகு வந்த எல்லா அறிக்கைகளிலும் இருந்தது. யாரும் பெட்டியை அளந்து பார்க்கவில்லை.

இதை எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று மேனேஜர் ஃபிட்டரம்மாவிடம் பயபக்தியோடு கேட்டார்.

"கணக்கு என்ன சார். மூணு லைட்டும் தெரியணும்னு வெட்டினேன்."

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் யாரும் இதுவரை பார்க்காத காட்சி ஒன்று நடந்தது. இரண்டு சகலைகளும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே கருத்தோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அதெல்லாம் ஒரு டிசைனா என்றார் ஒருவர். குருட்டு அதிர்ஷ்டம் அண்ணே என்றார் மற்றவர். ஆராய்ச்சிப் பேப்பரில் போட முடியுமா, லைட் தெரியறதுக்கு வெட்டினேன்னு என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தொடையில் தட்டிச் சிரித்தார். இவர்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து பார்த்ததே இல்லை என்று அக்காளும் தங்கையும் சமையலறையில் ஆச்சரியப்பட்டார்கள். மாமனார் மட்டும் செய்தித்தாளை இறக்கி, கடைசியில் யார் ஓட்டைதான் ஜெயித்தது என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடித்தார்கள்.

திங்கட்கிழமை மாலை டெசிபல் பட்டறைக்குப் போனார். அந்தக் கீறல் ஏன் பேசுகிறது என்று ஃபிட்டரம்மாவுக்கு விளக்கிவிட்டு வருவது தன் கடமை என்று சொல்லிக்கொண்டார். விளக்கிவிட்டால் அதில் பாதி தன்னுடையதாகிவிடும் என்பதைச் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் புதிய மூடி ஒன்றைப் பிடிப்பானில் இறுக்கி ராவிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை அரைவாசி மூடி, இல்லாத இடத்திலிருந்துதான் என்று தொடங்கும்போது அவள் நிமிர்ந்தாள்.

"சார், இனிமே லைட்டு நாலுன்னு சொல்லிட்டாங்க. கீறலை எட்டு சென்டிமீட்டரா நீட்டிடவா?"

டெசிபலின் கண்கள் முழுதாகத் திறந்தன. எட்டு சென்டிமீட்டர் ஆனால் கீறல் அந்த அலைவரிசையில் பேசாது. சிக்னல் கழிவறைவரைகூடப் போகாது. அதற்குப் பிறகு மேனேஜர் தகட்டைத் தேடித்தான் வர வேண்டும். பன்னிரண்டு அடி போகிற தகடு. நீட்டுங்கள் என்ற ஒரு சொல் போதும். பொய்கூட இல்லை, அனுமதிதான். நாக்கு நுனிக்கு அது வந்துவிட்டது.

"காலையில உங்க சகலை வந்தார்," என்றாள் அவள், அரத்தைத் தட்டிக்கொண்டே. "தாராளமா நீட்டுங்கன்னு சொல்லிட்டுப் போனார்."

முதல்நாள் ஒரே சோபாவில் தொடையில் தட்டிச் சிரித்தவன். டெசிபலுக்குத் தோன்றிய அயோக்கியத்தனம் அவருக்கு முன்பே அவனுக்குத் தோன்றிவிட்டது. அதிலும் முந்திக்கொண்டான். அவர் இப்போது நீட்டுங்கள் என்று சொன்னால், சகலை சொன்னதைப் பெரியவரும் ஒப்புக்கொண்டார் என்றுதான் ஆகும்.

"நீட்டாதீங்க," என்றார். குரல் பட்டறை முழுவதும் கேட்டது. "ஒரு மில்லிமீட்டர் நீட்டக் கூடாது. அவருக்கு என்ன தெரியும்?"

அவள் விளக்குகளை நெருக்கி வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ராவத் தொடங்கினாள். அவர் போகவில்லை. மூடியின் வரைபடத்தை வாங்கி மேசையில் விரித்தார். நீளம் ஆறு சென்டிமீட்டர், என் எழுத்துபூர்வமான அனுமதியின்றி மாற்றக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். பெயர், பட்டங்கள், பதவி, அடைப்புக்குறிக்குள் கேடயம் வாங்கிய ஆண்டு. சகலை நாளைக்கு வந்து பார்க்கும்போது கண்ணில் அறைய வேண்டும் என்று அடியில் இரண்டு கோடும் இழுத்தார்.

அவர் போன பிறகு ஃபிட்டரம்மா, வேலைப் பழக்கத்தில், ஸ்கேலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். கையெழுத்து ஏழரை சென்டிமீட்டர் இருந்தது.